சின்ன மெஷினில் பெரிய கிராங்க்

நவம்பர் 4

இது காதர் பாய் போன ஜனவரியில் கொடுத்த டைரி. திண்டுக்கல்லில் அவர் கடையில்தான் உதிரி சாமான் வாங்குவேன். வருடத்துக்கு ஒரு டைரி கொடுத்துவிடுவார். பத்து மாதமாகப் பேரிங் டப்பாவுக்கு அடியில் கிடந்து ஓரமெல்லாம் கிரீஸ் ஏறிவிட்டது. இன்று தூசி தட்டி எடுத்தேன். புதிதாக ஒரு வேலை தொடங்குகிறேன், அளவுகளைக் குறித்து வைக்க வேண்டும். மெஷின் விஷயத்தைத் தவிர வேறு எதையும் எழுதுவதாக இல்லை.

முதல் பக்கத்தில் பெயர் கேட்டிருந்தது. பவுனுத்தாய், மெக்கானிக், கூக்கால் பிரிவு என்று எழுதினேன். மெக்கானிக் என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில். கொடைக்கானல் மேல்மலையில் மரம் அறுக்கும் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் என்னிடம் போன் போட்டுக் கேட்டுக் கேட்டுப் பார்ப்பவர்.

காலையில் காண்ட்ராக்டர் சுருளியப்பன் வந்தார். எஸ்டேட் ஒன்றில் பழைய தைல மரங்களை வெட்ட எடுத்திருக்கிறாராம். வீட்டுக்காரர் குழந்தைவேலு பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டே சுருளியப்பன் என்னிடம் சொன்னார்.

"ஒவ்வொரு மரமும் ரெண்டு பேரு சேந்து கட்டிப்புடிச்சாலும் எட்டாதும்மா. சின்ன மெஷின வச்சுக்கிட்டு குழந்தவேலு அதுல என்னத்தப் போயி அறுப்பான்? பெரிய மெஷினு இருந்தா வரட்டும். இல்லாட்டி கெளை கழிக்கிற ஆளுகளோட வரட்டும்."

பதினாறு வருடமாக மரம் சாய்க்கிறவரைக் கிளை கழிக்க வா என்பது, தவில்காரரைப் பந்தல் கட்டக் கூப்பிடுகிற மாதிரி. இவர் வாயில் பேஸ்ட் நுரையோடு தலையை மட்டும் ஆட்டினார். பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏற அவர் முழங்கால் இடம் கொடுக்காது. மூன்று வருடம் முன்பு விழுந்து அடிபட்ட கால் அது.

சாப்பிடும்போது இவரிடம் "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன். "நீ என்னடி செய்வ?" என்றார். என்ன செய்வேன் என்று காட்டுகிறேன்.

நவம்பர் 7

வத்தலகுண்டு பழைய இரும்புக் கடை. அவர்களிடம் ஒரு பெரிய மெஷின் வந்து கிடப்பதாகக் காதர் பாய் சொல்லியிருந்தார். சாக்கைப் பிரித்துக்கொண்டே கடைக்காரர், "தம்பி வரலையாம்மா?" என்றார்.

"எந்தத் தம்பி?"

"மெக்கானிக்கு."

"நாந்தான் மெக்கானிக்கு."

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதற்குப் பிறகு அக்கா அக்கா என்றே கூப்பிட்டார்.

ஆயில் கலக்காமல் பெட்ரோல் ஊற்றி ஓட்டியிருக்கிறான் எவனோ புண்ணியவான். சிலிண்டர் உள்ளே கீறிப்போய், பிஸ்டன் ஒரு பக்கம் உருகிக் கிடந்தது. பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டுகிற கிராங்க் மட்டும் அருமை. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன், டக் என்ற சத்தம்கூட இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா சேலையில் கிரீஸ் பட்டுவிடுமோ என்று இறங்கும்வரை ஒதுங்கியே இருந்தார்.

நவம்பர் 9

ஒரே கம்பெனி, ஒரே அச்சில் வார்த்த உடம்பு. அதனால் சின்ன மெஷினின் கூட்டுக்குள் பெரிய கிராங்க் உட்காரும்; தூக்குகிற எடை கூடாமல் பலம் மட்டும் கூடும். கனத்த பக்கம் மட்டும் கூட்டின் உட்சுவரில் உரசுகிறது. அரை வட்ட அரத்தால் காலையிலிருந்து சுரண்டினேன்.

அளவு: பெரிய கிராங்க் பிஸ்டனை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக மேலே தள்ளும், இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே இழுக்கும். அப்படியே மாட்டினால் பிஸ்டன் தலை சிலிண்டர் மண்டையில் முட்டிவிடும். இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு வெட்டி சிலிண்டருக்கு அடியில் கொடுத்தேன்.

பிஸ்டன் சின்ன மெஷினுடையதுதான். பெரியது இந்த சிலிண்டருக்குள் நுழையாது. சின்னது எடை குறைவு, நல்லதுதான், கிராங்குக்குச் சுமை குறையும்.

வீட்டில் பூண்டு காயப்போட ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிக் காண்பித்தார்களாம். கேட்டுக்கொண்டேன்.

நவம்பர் 11

ஸ்டார்ட் ஆகிவிட்டது! மூன்றாவது இழுப்பில்!

சத்தமே வேறு. சின்ன மெஷின் கீச்சுக்கீச்சு என்று கத்தும், இது அடிவயிற்றிலிருந்து உறுமுகிறது. இவர் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். கொல்லையில் கிடந்த சீகை மரக் கட்டையில் மெஷினை வைத்தார். வைத்தார் என்று நான் எழுதுவதற்குள் அது அறுந்து விழுந்திருந்தது.

"ஏ பவுனு" என்றார்.

குறிப்பு: ஆக்சிலேட்டரை விட்டுச் சும்மா ஓடவிட்டால் பெஞ்சின் மேல் தானாக நகர்கிறது. பெஞ்சு சாய்வு. ஒரு காலுக்கு அட்டை வைக்க வேண்டும்.

நவம்பர் 13

சுருளியப்பன் போன் செய்தார். "என்னம்மா மந்திரம் போட்ட? பெரிய மெஷின்காரன் ஒரு மரம் சாய்க்கிறதுக்குள்ள குழந்தவேலு ரெண்டு சாய்ச்சுட்டு பீடி குடிச்சிட்டு நிக்கிறான்."

மெஷினுக்கு ஆட்கள் 'பவுனு மெஷின்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். வந்ததும் இவர் அதைத்தான் முதலில் சொன்னார். "பவுனு எங்க, பவுனுக்குப் பெட்ரோல் ஊத்துனியா, பவுனு சூடா இருக்கு தொடாதன்னு ஒரே கேலிடி." முறைத்தேன். உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது, எழுதுவதற்கென்ன.

நவம்பர் 15

வெள்ளிக்கிழமை. தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வாரம் முழுக்கக் கையில் கிரீஸ் என்பதால் தோட்டைக் கழற்றி வைத்துவிடுவேன், வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுக்கொள்வது. கல்யாணமான முதல் வாரம் என் கை எண்ணெயில் வழுக்குகிறது என்று இவர் திருகாணியை வாங்கி மாட்டிவிட்டார். ஒன்பது வருடமாக அதுவே வழக்கமாகிவிட்டது. எள்ளளவு திருகாணி. மரத்தையே சாய்க்கிற விரல் அதை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

இதை எதற்கு எழுதினேன்? மெஷின் டைரி.

நவம்பர் 21

கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் நான்கும் கிழிந்துவிட்டன. புதியது போட்டேன்.

நவம்பர் 28

மறுபடியும் ரப்பர் கிழிந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காதர் பாயிடம் கேட்டால், "வருசக்கணக்கா ஓடுற சாமான்மா அது, நீ என்னத்தம்மா பண்ற?" என்கிறார். பலமான இன்ஜின், ரப்பர் தாங்கவில்லை, அவ்வளவுதான். கடைசல் பட்டறையில் கொடுத்து நைலானில் நான்கு புஷ் செய்து வாங்கி மாட்டிவிட்டேன். இனி ஜென்மத்துக்கும் கிழியாது. இப்போது மெஷின் கைக்கு விறைப்பாக நிற்கிறது, வெட்டு நூல் பிடித்த மாதிரி நேராக விழுகிறது.

மாலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே, "கையில பேசுதுடி" என்றார். இதைவிட ஒரு மெக்கானிக்குக்கு என்ன பட்டம் வேண்டும்?

டிசம்பர் 5

மன்னவனூர் செல்லையா அண்ணன் வந்தார். அவரும் மரம் சாய்க்கிறவர். "குழந்தவேலுக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு தாயி." கிராங்க் அவரே எங்கேயோ பிடித்து வந்திருந்தார். ஒத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை என்பதால் மூன்று நாளில் முடித்துவிடுவேன். நைலான் புஷ்ஷே முதலிலேயே போட்டுவிடலாம்.

டிசம்பர் 10

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார். "புது மாப்பிள்ளைன்னு நெனப்போ?" என்றேன். "ஆமா" என்று சிரித்தார். நாலு பொத்தானும் போட்டு, கன்னத்தில் ஒரு தட்டும் தட்டி அனுப்பினேன்.

குடிதண்ணீர்க் குழாய் உறைந்துபோய் எட்டு மணிவரை சொட்டுத் தண்ணீர் இல்லை.

டிசம்பர் 13

உறைபனி. புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி.

வேலைக்குக் கிளம்பும்போது இவர் விரல்களைப் பார்த்தேன். இரண்டு கையிலும் நடு மூன்று விரல், இரண்டாவது கணுவரை சாக்பீஸ் வெள்ளை. வெள்ளை முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி நின்றது. பயந்து போனேன். "குளிருக்கு எல்லாருக்கும் ஆகுறதுதான்" என்றார். எனக்கு ஆகவில்லையே என்றேன். "நீ அடுப்புக்கிட்ட இருக்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. தேங்காய் எண்ணெயை உருக்கித் தேய்த்துவிட்டேன். அரை மணி நேரத்தில் சிவந்து சரியாகிவிட்டது. சரியாகும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கம்பளிக் கையுறை வாங்க வேண்டும்.

டிசம்பர் 16

அடுப்பிலிருந்து இறக்கிய காபி. டம்ளரை நான் சேலைத் தலைப்பில் பிடித்துக் கொடுத்தேன், இவர் வெறும் கையில் வாங்கி நின்று பேசிக்கொண்டே குடித்தார். "உங்க கை என்ன இரும்பா?" என்று கேலி செய்தேன். டம்ளரைக் குனிந்து பார்த்தார். பிறகு அவசரமாகக் கீழே வைத்தார்.

டிசம்பர் 20

வெள்ளி. இன்று எனக்குக் கெட்ட புத்தி.

திருகாணி கீழே விழுந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை அடுப்புச் சாம்பலுக்குள் போய்விட்டது. கிராமத்தில் ஒரு கல்யாணம், எட்டரை பஸ் போய்விடும். "கை என்ன கொழுக்கட்டையா? ஒரு திருகாணியப் பிடிக்கத் தெரியல!" என்று கத்திவிட்டேன். வெளியே போய்விட்டார்.

சாம்பலைச் சல்லடையில் சலித்து எடுத்து, கண்ணாடி முன்னால் நானே மாட்டிக்கொண்டேன். கல்யாணத்தில் எல்லாரும் பவுனு மெஷினைப் பற்றித்தான் கேட்டார்கள். இவர் என்னைக் காட்டி, "இவதான் செஞ்சது, ரெண்டு மெஷின ஒண்ணாக்கிட்டா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கடைசிவரை பேன்ட் பைக்குள்ளேயே இருந்தன.

டிசம்பர் 24

கடைசல் பட்டறையில் இழுத்தடித்ததில் செல்லையா அண்ணன் மெஷின் இப்போதுதான் கொடுத்தாயிற்று. நன்றாக ஓடுகிறதாம்.

டிசம்பர் 30

சுருளியப்பன் வந்தார், இவர் இல்லாத நேரமாகப் பார்த்து.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். முந்தாநாளு அறுத்துக்கிட்டிருக்கையில மெஷின நழுவ விட்டுட்டான். அறுக்குற செயின நிறுத்துற பிரேக்கு விழுந்துச்சோ, தப்பிச்சானோ. தொடைக்கு ஒரு சாண் தள்ளிம்மா. என்னடான்னு கேட்டா, புடிச்சிருக்கேன்னுதான் நெனச்சேங்கிறான்."

பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அதையே நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்ததும் சண்டை போட்டேன். தூக்கம் பத்தவில்லை, அதுதான் என்றார்.

டிசம்பர் 31

டைரி முடிகிறது. வேறு டைரி இல்லை.

ஜனவரி 2

போன ஜனவரிப் பக்கங்கள் எல்லாம் காலியாகத்தானே கிடக்கின்றன, அங்கேயே திரும்பி வந்துவிட்டேன். கிழமை பொருந்தாது. பரவாயில்லை.

பொங்கலுக்கு விறகு வேண்டும். இவர் இன்று வேலைக்குப் போகவில்லை, படுத்திருக்கிறார். நானே பவுனு மெஷினை எடுத்துக் கொல்லையில் கட்டை அறுத்தேன். முதல் தடவையாக முழு நேரமும் அதை நான் பிடிக்கிறேன். பெஞ்சில் வைத்துப் பார்த்ததெல்லாம் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். இன்று அரை டேங்க்.

மதியம் எழுதுவதாக இருந்தேன், பேனா நிற்கவில்லை. உள்ளங்கையில் எறும்பு ஓடுகிற மாதிரி இருந்தது. இப்போது சாயந்தரம் ஆகிறது, எழுத்து இன்னும் கோணல்தான். எனக்குப் பழக்கமில்லை, அதனால்.

இவர் நாள் முழுக்கப் பிடிக்கிறார். பழகியவர்.

ஜனவரி 6

கொடைக்கானல் ஆஸ்பத்திரி. இழுத்துக்கொண்டுதான் போனேன்.

டாக்டர் சின்ன வயது. இவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசி முனையால் விரல் விரலாகத் தொட்டார். "குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க." இவர் சுண்டு விரலில் ஒரு தடவை "ம்" என்றார். அதற்கு முன்னால் ஒன்பது தடவை குத்தியிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொன்னார். வெள்ளையாகிவிட்டன, அதே கோடு.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மரம் அறுக்குற வேலை சார். பதினாறு வருசம்."

"பதினாறு வருசமும் இல்லாம, இப்ப திடீர்னு இவ்ளோ மோசமாயிருக்கே. மெஷினோட அதிர்வுலதான் இது வரும். நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப்போகும். இந்த ரெண்டு மூணு மாசத்துல மெஷின்ல ஏதாவது மாத்துனீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"இல்ல சார். எதுவும் மாத்தல. அதே மெஷின்தான்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் மூடிக்கொண்டேன். டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: இனி மெஷினைத் தொடக் கூடாது, குளிர் ஆகாது, பீடி ஆகாது. உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மேலே கம்பியைப் பிடித்திருந்தவர், பிடித்திருக்கிறோமா என்று அண்ணாந்து தன் கையைப் பார்த்துப் பார்த்து நின்றார்.

ஜனவரி 7

பூண்டு மண்டியில் மருந்து நிறுக்கிற சின்னத் தராசு இருக்கிறது. வத்தலகுண்டிலிருந்து வந்த உருகிய பிஸ்டனையும் சின்ன பிஸ்டன் ஒன்றையும் கொண்டுபோய் வைத்தேன். பதினொரு கிராம் வித்தியாசம். உருகி வழிந்தது போகவே பதினொரு கிராம்.

கிராங்கின் ஒரு பக்கத்தைக் கனமாக வார்ப்பதே, மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டனின் எடைக்கு ஈடாக. அந்தக் கிராங்க் கனமான பிஸ்டனுக்கு என்று வார்த்தது. நான் அதன் தலையில் இளைத்த பிஸ்டனை மாட்டினேன். மாட்டிவிட்டு நல்லதுதான் என்று நவம்பர் 9 அன்று எழுதியும் வைத்திருக்கிறேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஈடில்லாத எடை ஒரு குத்து. அந்தக் குத்தை வாங்கிக்கொள்ளத்தான் ரப்பர் இருந்தது. அது கிழிந்து கிழிந்து எனக்குச் சொன்னது. நான் நைலானைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு அவ்வளவு குத்தும் நேராக அவர் கைக்குப் போயிற்று.

பெஞ்சு சாயவில்லை. இன்று மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன்.

நான்தான் செய்தேன். என் புருஷன் கையை நான்தான் கெடுத்தேன். இதைப் பேனாவால் எழுத முடிகிறது, வாயால் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 9

சொல்லிவிட்டேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். இவர் உரிப்பதாக உட்கார்ந்திருந்தார், பாதிப் பயறு தரையில்.

"மாமா, அந்த மெஷினப் பிரிக்கப் போறேன். தப்பு எம் மேல. கிராங்கு எடை பொருந்தல. ரப்பர நான் எடுத்திருக்கவே கூடாது."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நைலானு போட்ட அன்னைக்கே தெரியும். அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு கையும் என்னுதில்ல மாதிரி ஆயிருச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பீன்ஸ் தட்டை எட்டி உதைத்தேன். "அப்பறம் ஏன் சொல்லல? கையில பேசுதுன்னு சொன்னீங்களே! நான் எப்படிக் குதிச்சேன் அன்னைக்கு!"

"அதுக்குத்தான் சொல்லல" என்றார். "மேல்மலை முழுக்கப் பவுனு மெஷினு பவுனு மெஷினுங்கிறான். கட்டுன புருசனே குறை சொன்னா நாளைக்கு எவன் உங்கிட்ட மெஷினு குடுப்பான்? இந்த எஸ்டேட்டு முடியட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

சிதறின பயறையெல்லாம் இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். அவர் பொறுக்கியது என்னவோ நான்கைந்துதான். நான் அழுததைப் பார்க்காத மாதிரி பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

கழற்றிய சின்ன கிராங்குகள் வேறு ரிப்பேர்களுக்குப் போய்விட்டதால், காதர் பாய்க்குப் போன் போட்டு, இரண்டு மெஷினுக்கும் பழையபடி சின்ன கிராங்கும் ரப்பர் புஷ்ஷும் அனுப்பச் சொன்னேன். பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போகிறார்கள், முடிந்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார்.

ஜனவரி 11

செல்லையா அண்ணனிடம் நேற்றுப் போன் செய்து மெஷினைத் திருப்பிக் கேட்டேன். "நல்லா அறுக்குதே தாயி, என்னத்துக்கு?" என்றார். காரணத்தைச் சொன்னேன், நம்பவில்லை. வைத்துவிட்டார்.

இன்று காலை இவர் யாரிடமும் சொல்லாமல் மன்னவனூர் பஸ் ஏறிப் போயிருக்கிறார். செல்லையா அண்ணன் வீட்டு வாசலில் நின்று, ஐஸ் மாதிரி இருக்கிற குழாய்த் தண்ணீரில் இரண்டு கையையும் காட்டி, வெள்ளையானதும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாராம். "ரெண்டே மாசம்ணே" என்றாராம்.

மாலையில் செல்லையா அண்ணன் மெஷினைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, காபிகூட வேண்டாம் என்று போய்விட்டார். போகும்போது தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜனவரி 14

பொங்கல். பால் பொங்கியது. பானையை அவர் இறக்க வந்தார், நான் விடவில்லை.

ஜனவரி 16

நாளைக்குப் பார்சல் வந்துவிடும். பவுனு மெஷினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பெஞ்சில் வைத்துவிட்டேன். புதிது மாதிரி மின்னுகிறது. வந்ததும் பிரிக்க வேண்டியதுதான். "நாளைக்குப் பழையபடி ஆக்கிடுறேன் மாமா" என்று சொன்னேன். அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார், காதில் விழுந்ததோ என்னவோ.

ஜனவரி 17

வெள்ளிக்கிழமை. தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். பார்சல் இல்லை. "பாய் கடை இன்னைக்குத்தான்க்கா தெறக்குறாங்க, நாளைக்கு வந்துரும்" என்றார் கண்டக்டர்.

திரும்பி வருகிற வழியிலேயே மெஷின் சத்தம் கேட்டது. அந்த உறுமலை நான் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வேன். ஓடினேன்.

கொல்லையில் இவர் ஒரு கட்டையை அறுத்து முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை விட்டு, மெஷினை அணைக்காமலே பாறை மேல் வைத்தார். ஒரு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு முகத்தில்.

"நேத்தே மாத்தி முடிச்சிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே! கழுவித் தொடச்சு வச்சிருக்கவும் கண்டுபுடிச்சிட்டேன்ல?"

நான் மெஷினைப் பார்த்தேன்.

"கோவிக்காதடி. தொடக் கூடாதுன்னாரு டாக்டரு, தெரியும். ஒரே ஒரு கட்டதான். உனக்குச் சொல்லணும்னுதான் வச்சுப் பாத்தேன். ஆட்டமே இல்ல பவுனு. தண்ணி மாதிரி ஓடுது. கையில ஒண்ணுமே தெரியல."

பாறை மட்டமான பாறை. அதன் மேல் மெஷின் தடதடவென்று ஆடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவர் கீழே பார்க்கவில்லை, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வந்து அவர் செருப்பில் முட்டியது. நான் குனிந்து அணைத்தேன்.

"சரியாயிருச்சுல்ல?" என்றார்.

"சரியாயிருச்சு மாமா" என்றேன்.

அந்த ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு எவ்வளவு மூச்சு வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல, வா, உக்காரு" என்று வாசற்படியில் உட்காரவைத்தார். அவரே போய்த் தோட்டை எடுத்து வந்தார். டிசம்பர் 20க்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் வரவில்லை. தோட்டைக் காதில் நுழைத்துவிட்டேன். திருகாணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். பின்னால் நின்றுகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெகு நேரம் திருகினார். அவர் விரல் என் காது மடலில் சில்லென்று பட்டுக்கொண்டே இருந்தது.

திருகாணி எப்போதோ என் மடியில் விழுந்துவிட்டது. அவர் இன்னும் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆச்சு" என்றார். "பாத்தியா, ஒரு தடவகூட கீழ விழல."

மடியில் கிடந்ததைக் கைக்குள் மூடிக்கொண்டேன். தோடு நழுவாமல் இன்னொரு கையால் காதைப் பிடித்துக்கொண்டேன். காது வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிடித்த கையை எடுக்காமலே உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டேன்.